நோன்பு காலத்தில் இதய மாத்திரை: நிறுத்தும் முன் ஒரு வார்த்தை

(ஷஅபான் மாதம் நம் அறக்கட்டளை மண்டபத்தில் நடந்த குடும்ப நலக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





நோன்புக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. இந்த நேரத்தில் வழக்கமாக நாங்கள் கஞ்சிக்கு அரிசி, ஃபித்ரா வினியோகம், பெருநாள் உடை இவற்றைப் பற்றித்தான் பேசுவோம். இன்று ஒரு மாத்திரையைப் பற்றிப் பேசப் போகிறோம். இதில் எங்கள் தவறு ஒன்றும் இருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்கிறோம்.

சென்ற வருடம் ஷஅபான் கடைசியில் நடந்தது. நம் மருந்து உதவித் திட்டத்தில் மாதாமாதம் மாத்திரை வாங்கும் சகோதரர் ஒருவர் அலுவலகத்துக்கு வந்தார். தள்ளுவண்டியில் பழம் விற்பவர். நான்கு மாதம் முன்பு மாரடைப்பு வந்து, இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். அவருக்கான பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தோம். அவர் கையை நீட்டவில்லை. "நோன்பு கழிச்சு வாங்கிக்கிறேன் காக்கா. இப்ப நல்லாத்தான் இருக்கேன். நோன்பு நேரத்துல மாத்திரை மருந்துன்னு எதுக்கு?" என்றார். நாங்களும் சிரித்துக்கொண்டே பொட்டலத்தை அலமாரியில் திருப்பி வைத்தோம். "டாக்டரிடம் கேட்டீங்களா?" என்று ஒரு வார்த்தை நாங்கள் கேட்கவில்லை.

முதல் வாரம் அவர் நன்றாகத்தான் இருந்தார். தராவீஹ் தொழுகைக்கு வந்தார், வியாபாரத்துக்கும் போனார். "பாத்தீங்களா, மாத்திரை இல்லாமலே ஒண்ணும் ஆகலை" என்று வீட்டில் சொன்னாராம். பதினாறாம் நோன்பு அன்று, ஸஹருக்கு எழுந்தவருக்கு மறுபடியும் மாரடைப்பு. ஸ்டென்ட் வைத்த இடத்திலேயே ரத்தம் கட்டியிருந்தது. அல்ஹம்துலில்லாஹ், உயிர் பிழைத்துவிட்டார். ஆனால் இதயத் தசையில் ஒரு பகுதி போய்விட்டது. வண்டி தள்ள முடியாது. இன்று அந்த வண்டியைத் தள்ளுவது கல்லூரிக்குப் போக வேண்டிய அவர் மகன். "என் பேரைச் சொல்ல வேண்டாம். ஆனா நடந்ததைச் சொல்லுங்க, நாலு பேருக்கு உதவும்" என்று அவரே சொன்னதால்தான் இதை இங்கே பேசுகிறோம்.

மாத்திரையை நிறுத்திய முதல் வாரம் ஏன் ஒன்றும் ஆகவில்லை? பிறகு ஏன் ஆனது? மதரஸாவிலும் கல்லூரியிலும் படித்த எங்களுக்கே இதற்குப் பதில் தெரியவில்லை. மருத்துவர்களிடம் கேட்டோம், புத்தகங்களைப் பார்த்தோம். தெரிந்துகொண்டதை எளிமையாகச் சொல்கிறோம்.

நம் உடம்பில் மருந்து வேலை செய்வது பெரும்பாலும் பூட்டுப் போடுவது போல. கடை ஷட்டரை இறக்கிப் பூட்டுகிறோம். சாவி போட்டால் மறுபடி திறந்துகொள்ளும். பல மருந்துகள் இப்படித்தான். உடம்பில் தாம் போய்ச் சேர வேண்டிய புரதத்தோடு லேசாக ஒட்டும், கொஞ்ச நேரத்தில் விடும். மருந்து ரத்தத்திலிருந்து குறையக் குறைய அதன் வேலையும் குறையும்.

வேறு சில மருந்துகள் ஷட்டரை வெல்டிங் வைத்துவிடுகின்றன. சாவி எதுவும் பயன்படாது. வெல்டிங் வைத்தவர் கருவியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாலும் ஷட்டர் திறக்காது. புது ஷட்டர் மாட்டினால்தான் உண்டு. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சகப்பிணைப்பு என்று படிக்கிறார்களே, இரண்டு அணுக்கள் எலக்ட்ரான்களைப் பங்கிட்டுக்கொண்டு சேர்வது, அந்தப் பிணைப்புதான் இந்த வெல்டிங். மருந்தும் உடம்பின் புரதமும் அப்படி ஒன்றாகிவிடுகின்றன.

நம் வீடுகளில் மிகச் சாதாரணமாகக் கிடக்கும் ஆஸ்பிரின் அப்படிப்பட்ட மருந்து. 1897-இல் ஜெர்மனியில் பேயர் நிறுவனத்தில் ஃபெலிக்ஸ் ஹோஃப்மன் என்ற வேதியியலாளர் இதைத் தூய்மையாகத் தயாரித்தார். 1899-இல் ஆஸ்பிரின் என்ற பெயர் வந்தது. உலகம் முழுவதும் தலைவலிக்கும் காய்ச்சலுக்கும் விழுங்கினார்கள். அது எப்படி வேலை செய்கிறது என்பது எழுபது வருடத்துக்கு மேல் யாருக்கும் தெரியாது. 1971-இல்தான் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜான் வேன், உடம்பில் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உற்பத்தியாவதை ஆஸ்பிரின் தடுக்கிறது என்று காட்டினார். அதற்காக 1982-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். அந்தப் பொருளைச் செய்யும் நொதியின் மேல் ஆஸ்பிரின் தன்னில் ஒரு சிறு பகுதியைக் கழற்றி நிரந்தரமாக ஒட்டிவிட்டுப் போகிறது என்பது 1975-இல் தெரியவந்தது.

இதற்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம்? நம் ரத்தத்தில் தட்டணுக்கள் இருக்கின்றன. டெங்கு வந்தால் எண்ணிப் பார்ப்பார்களே, அவைதான். கையில் வெட்டுப்பட்டால் ஒன்றோடொன்று ஒட்டி ரத்தத்தை அடைப்பது அவற்றின் வேலை. அதே வேலையை இதயக் குழாய்க்குள் செய்தால் அது மாரடைப்பு. தட்டணுக்கள் ஒன்றையொன்று கூப்பிட ஒரு பொருளைச் சுரக்கின்றன. அதைச் செய்யும் நொதியைத்தான் ஆஸ்பிரின் வெல்டிங் வைக்கிறது.

உடம்பின் மற்ற உயிரணுக்களில் நொதி கெட்டால் புதிதாகச் செய்துகொள்ள முடியும். தட்டணுவுக்கு உட்கரு கிடையாது, அதனால் புது நொதி செய்ய வழியில்லை. ஒருமுறை வெல்டிங் வைத்தால் அதன் ஆயுள் முடியும்வரை அப்படியேதான். அதன் ஆயுள் ஏறத்தாழ 7 முதல் 10 நாள்.

இப்போது கணக்கைப் பாருங்கள். ரத்தத்தில் ஆஸ்பிரினின் அளவு சுமார் 20 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைகிறது. சில மணி நேரத்தில் மருந்தே இருக்காது. ஆனாலும் அது செய்த வேலை பத்து நாள்வரை தங்குகிறது. அதேசமயம் எலும்பு மஜ்ஜை தினமும் பத்தில் ஒரு பங்கு புதிய தட்டணுக்களை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. அவற்றின் மேல் மருந்து படவில்லை. ஆகவே இன்று போடும் மாத்திரை இன்று புதிதாக வந்த தட்டணுக்களுக்காக. நாளைய மாத்திரை நாளை வருபவற்றுக்காக. அதனால்தான் 75 மில்லிகிராம் போன்ற சிறிய அளவே போதுமானதாகவும், அதுவே தினமும் தேவையாகவும் இருக்கிறது.

நம் சகோதரருக்கு என்ன நடந்தது என்று இப்போது புரிகிறதல்லவா? அவருக்கு ஆஸ்பிரினோடு க்ளோபிடோக்ரல் என்ற மாத்திரையும் உண்டு. அதுவும் இதே ரகம். கல்லீரலில் போய் மாறி, தட்டணுவின் மேலுள்ள வேறொரு புரதத்தோடு நிரந்தரமாகப் பிணைந்துகொள்ளும். இரண்டையும் அவர் ஒரே நாளில் நிறுத்தினார். முதல் சில நாட்கள் பழைய மாத்திரையின் வேலையே அவரைக் காத்தது. "மாத்திரை இல்லாமலே நன்றாக இருக்கிறேன்" என்று அவர் நினைத்த நாட்களில் எல்லாம், ஏற்கெனவே போட்ட மாத்திரைதான் அவரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. ஆனால் ஒவ்வொரு நாளும் புதிய தட்டணுக்கள் சேர்ந்தன. ரத்தம் கட்டுவதற்கு எல்லாத் தட்டணுக்களும் புதிதாக வேண்டியதில்லை. சில நாட்களில் சேரும் பங்கே போதும். பத்து நாளில் மொத்தமும் புதிதாகிவிடும். மாத்திரையை விட்டு ஒரு வாரம் ஒன்றும் ஆகவில்லை என்றால், மாத்திரை தேவையில்லை என்று அர்த்தமாகாது.

இந்த மருந்தின் பலன் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். 1988-இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில், மாரடைப்பு என்று சந்தேகிக்கப்பட்ட 17,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். ஒரு மாதம் தினமும் ஆஸ்பிரின் எடுத்தவர்களிடையே, ஐந்து வாரத்துக்குள் இதய, ரத்தக் குழாய்க் காரணங்களால் நேர்ந்த மரணம் 23 சதவீதம் குறைந்தது. மிக மலிவான ஒரு மாத்திரையின் பலன் இது.

இதில் எங்களுக்கு மிகவும் வருத்தம் தந்த உண்மை ஒன்று உண்டு. நோன்போடு எளிதாக ஒத்துப்போகும் மருந்துகள் இவை. ஒரு நாளைக்கு ஒரு தடவை போதும். பகலில் ரத்தத்தில் மருந்து இல்லாவிட்டாலும் வேலை நடக்கும். இஃப்தாருக்குப் பிறகோ ஸஹரிலோ, மருத்துவர் சொல்லும் ஒரு நேரத்தில், தினமும் தவறாமல் எடுத்தால் போதும். அவர் மாத்திரையை விட்டது நோன்புக்காக. நோன்புக்கு அந்த மாத்திரை இடைஞ்சலாகவே இருந்திருக்காது. நாங்கள் அன்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இது தெரிந்திருக்கும். இதய நோயாளி நோன்பு வைக்கலாமா என்பது வேறு கேள்வி. அதை உங்கள் மருத்துவரிடம் கேட்டு, அவர் சொன்னதை நம் ஆலிமிடம் சொல்லி முடிவு செய்யுங்கள். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது.

தாய்மார்களே, வீட்டில் மாத்திரைப் பெட்டி உங்கள் பொறுப்பில்தான் இருக்கிறது. இன்னும் சில விஷயங்களை உங்களுக்காகச் சொல்கிறோம்.

முதலாவது, மூட்டுவலி மாத்திரை. ஐபுபுரோஃபென் என்ற வலி மாத்திரை, ஆஸ்பிரின் போய் ஒட்ட வேண்டிய அதே இடத்தின் வழியில் போய் உட்கார்ந்துகொள்ளும். அது போடுவது வெறும் பூட்டு. சில மணி நேரத்தில் விட்டுவிடும். ஆனால் அது எழுந்து போவதற்குள் ஆஸ்பிரின் ரத்தத்திலிருந்து போய்விட்டிருக்கும். அன்றைய வெல்டிங் நடக்காமலே போகும். உம்மாவுக்கு முட்டி வலி என்று மருந்துக் கடையில் நாமாக ஏதோ ஒரு வலி மாத்திரையை வாங்கிக் கொடுத்தால், வாப்பாவும் அதிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டுக்கொள்வார். வாப்பா ஆஸ்பிரின் எடுப்பவராக இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொட விடாதீர்கள்.

இரண்டாவது, நம் வீடுகளில் கேஸ் மாத்திரை என்று சொல்வது. ஒமிப்ரசோல், பான்டோபிரசோல் போன்றவை. இவையும் வெல்டிங் வகைதான். இரைப்பையில் அமிலத்தைச் சுரக்கும் பம்புகளோடு பிணைந்துகொள்ளும். ஓடும் பம்போடுதான் நன்றாகப் பிணையும். சாப்பாடு வரும்போதுதான் பம்புகள் ஓடத் தொடங்கும். அதனால்தான் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு போடச் சொல்கிறார்கள். கஞ்சி, வடை, சமோசா எல்லாம் முடித்துவிட்டு, நெஞ்சு எரிகிறது என்று அதன்மேல் போட்டால் பலன் குறைவு. நோன்பில் ஸஹர் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு எழுந்து போடலாம். அல்லது தண்ணீரில் நோன்பு திறக்கும்போது போட்டுவிட்டு, மஃரிப் தொழுதபின் சாப்பிடலாம். எது சரி என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஒரு எச்சரிக்கை: க்ளோபிடோக்ரல் எடுப்பவர்கள் ஒமிப்ரசோலைத் தாமாக வாங்கிப் போடக் கூடாது. அது கல்லீரலில் க்ளோபிடோக்ரல் மாறுவதைக் குறைத்துவிடும்.

மூன்றாவது, ஆன்டிபயாடிக். 1928-இல் லண்டனில் அலெக்சாண்டர் ஃபிளெமிங் கண்ட பெனிசிலினும், இன்று நாம் வாங்கும் அமாக்சிசிலினும் ஒரே குடும்பம். கிருமி தன் சுவரைக் கட்டப் பயன்படுத்தும் நொதியோடு இவை நிரந்தரமாகப் பிணைந்துகொள்ளும். சுவர் கட்ட முடியாமல் கிருமி வெடித்துச் சாகும். அப்படியானால் ஆஸ்பிரின் மாதிரி இதுவும் ஒரு வேளை போதாதா என்று கேட்கலாம். போதாது. தட்டணுவைப் போல இல்லாமல் கிருமி புது நொதி செய்துகொள்ளும், பெருகிக்கொண்டும் இருக்கும். அதனால் மருந்து விடாமல் இருந்துகொண்டே இருக்க வேண்டும். மூன்று வேளை என்று எழுதித் தந்ததை நோன்புக்காக நாமே ஒரு வேளையாகச் சுருக்கினால் கிருமிக்கு இடம் கொடுத்ததாகும். மருத்துவரிடம் "நான் நோன்பாளி" என்று சொல்லுங்கள். இரண்டு வேளை மருந்து உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் சலுகையைப் பயன்படுத்துங்கள்.

இந்தப் பிணைப்பு நன்மை மட்டும் செய்வதில்லை. தவறான இடத்தில் ஒட்டினால் தீங்கும் நிரந்தரமாகலாம். பெனிசிலின் நம் உடம்பின் புரதங்களோடும் ஒட்டக்கூடும். சிலருக்கு உடம்பு அதைப் பகையாக நினைத்துக்கொள்கிறது. பெனிசிலின் அலர்ஜி அப்படி வருவதுதான். ஒருமுறை தடிப்போ மூச்சுத்திணறலோ வந்திருந்தால் எந்த மருத்துவரிடம் போனாலும் முதலில் அதைச் சொல்லுங்கள். பாரசிட்டமால் அளவோடு எடுத்தால் நல்ல மருந்து. அளவு மீறினால் அதிலிருந்து உண்டாகும் ஒரு பொருள் கல்லீரலின் புரதங்களோடு இதே பிணைப்பால் ஒட்டி அதை அழித்துவிடும். காய்ச்சல் விடவில்லையே என்று ஒன்றின் மேல் ஒன்றாகக் கொடுக்காதீர்கள்.

இத்தகைய ஆபத்துக்குப் பயந்தே மருந்து ஆராய்ச்சியாளர்கள் நெடுங்காலம் இந்த வகை மருந்துகளைத் திட்டமிட்டு உருவாக்கத் தயங்கினார்கள். இப்போது குறிப்பிட்ட ஒரே இடத்தில் மட்டும் ஒட்டும்படி செய்யக் கற்றிருக்கிறார்கள். 2013-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இப்ரூட்டினிப், சிலவகை ரத்தப் புற்றுநோய்க்கு அப்படி வந்த மருந்து. எந்த மருந்தாலும் பிடிக்க முடியாது என்று பல பத்தாண்டுகள் கைவிடப்பட்ட ஒரு புற்றுநோய்ப் புரதத்தை, சோட்டோராசிப் என்ற மருந்து இதே வழியில் பிடித்தது. நுரையீரல் புற்றுநோய்க்கு 2021-இல் அதற்கு அனுமதி கிடைத்தது. வேதியியல் படிக்கும் நம் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும். தேர்வுக்காக மனப்பாடம் செய்யும் பாடம் ஒருவரின் உயிரைக் காக்கும் மருந்தாகிறது.

இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும். இவ்வளவு கேட்டுவிட்டு, நாளையிலிருந்து நானும் ஒரு ஆஸ்பிரின் போடுகிறேன் என்று யாரும் ஆரம்பித்துவிடாதீர்கள். அதே வெல்டிங் இரைப்பையில் புண்ணும் ரத்தக் கசிவும் உண்டாக்கும். இதய நோய் இல்லாத முதியவர்கள் 19,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்து ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் நடந்த ஆய்வு 2018-இல் வெளிவந்தது. பெரும்பாலோர் 70 வயதைக் கடந்தவர்கள். தினமும் ஆஸ்பிரின் எடுத்ததால் அவர்களுக்கு மாரடைப்போ பக்கவாதமோ குறிப்பிடும்படி குறையவில்லை. ரத்தக் கசிவுதான் கூடியது. ஏற்கெனவே மாரடைப்பு வந்தவருக்கும் ஸ்டென்ட் வைத்தவருக்கும் ஒரு கணக்கு. நோயில்லாதவருக்கு வேறு கணக்கு. காய்ச்சல் வந்த பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. டெங்குவாக இருக்குமோ என்று சந்தேகம் உள்ள காய்ச்சலில் பெரியவர்களும் ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென் இரண்டையும் தொடக் கூடாது. தினசரி ஆஸ்பிரின் எடுப்பவருக்குக் காய்ச்சல் வந்தால் உடனே மருத்துவரிடம் காட்டி அவர் சொல்வதைச் செய்யுங்கள்.

பல் பிடுங்கவோ அறுவை சிகிச்சைக்கோ ஹிஜாமாவுக்கோ போகிறவர்கள், "ரத்தம் கட்டாமல் இருக்க மாத்திரை எடுக்கிறேன்" என்று முன்கூட்டியே சொல்லுங்கள். "நேற்றே நிறுத்திவிட்டேன்" என்று சொல்வதில் பயனில்லை. அதன் வேலை ஒரு வாரம் நிற்கும் என்று இப்போது உங்களுக்குத் தெரியும். ஆனால் நிறுத்துவதா, எத்தனை நாள் முன்பு என்பதை இதய மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஒரு நாள் மறந்துவிட்டால் மறுநாள் இரண்டாகப் போடாதீர்கள். வழக்கம்போல் ஒன்றைப் போட்டுத் தொடருங்கள்.

இப்போது எங்கள் பக்கம். இந்த வருடத்திலிருந்து மருந்து உதவி பெறுவோர் பட்டியலில் இந்த வகை மாத்திரை எடுப்பவர்களின் பெயருக்கு எதிரே சிவப்புக் குறி போட்டிருக்கிறோம். அவர்களில் யாராவது வாங்க வேண்டிய நாளில் வரவில்லை என்றால் அன்றே தொலைபேசியில் கேட்போம். அப்போதும் வரவில்லை என்றால் வீட்டுக்கே கொண்டு வந்து தருவோம். "நோன்பு கழித்து வாங்கிக்கொள்கிறேன்" என்று யாராவது சொன்னால், "டாக்டரிடம் கேட்டீர்களா?" என்ற கேள்விக்குப் பதில் கிடைக்காமல் இனி பொட்டலம் அலமாரிக்குத் திரும்பாது. ரமலான் தொடங்கும் முன் எல்லோரும் ஒருமுறை தங்கள் மருந்துச் சீட்டோடு மருத்துவரைப் பார்த்து, எந்த மாத்திரை இஃப்தாரில், எது ஸஹரில் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். படிக்கத் தெரியாத பெரியவர்களுக்குப் பிள்ளைகள் உதவுங்கள். மருத்துவரிடம் போக வசதி இல்லாதவர்கள் தயங்காமல் அலுவலகத்துக்கு வாருங்கள்.

அந்தச் சகோதரருக்கும், நோயில் இருக்கும் அனைவருக்கும் அல்லாஹ் ஷிஃபாவைத் தருவானாக. நம்மை நம்பி வருபவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்க மறக்காத மனதை எங்களுக்கும் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.